சந்தா கட்டும் முன்பு



ஒரு வீட்டுக்குள் கேமரா வருவதற்கு முன்னால் எவ்வளவு பேச்சு நடக்கிறது! இந்த விலைக்கா, மொபைலில் எடுத்தால் போதாதா, இ.எம்.ஐ. எத்தனை மாதம் கட்டணும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அதையெல்லாம் தாண்டித்தான் வாங்குகிறோம். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையை எடுக்கிறோம், அக்கா பேத்தியின் காதுகுத்தை எடுக்கிறோம். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் அடுத்த செலவு தெரியவருகிறது. "எடிட் பண்ண மாசாமாசம் பணம் கட்டணுமாமே?"

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கு என் பதில்: கட்ட வேண்டியதில்லை. குறைந்தது முதல் ஒரு வருஷத்துக்காவது வேண்டாம்.

ஃபோட்டோஷாப் 1990-இல் வந்தது, லைட்ரூம் 2007-இல். இரண்டுமே ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகத்தான் இருந்தன. 2013-இல் அடோபி நிறுவனம் ஃபோட்டோஷாப்பைச் சந்தாவுக்கு மாற்றியது. லைட்ரூமில் ஒரே தடவை பணம் கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு 2015-இல் வந்த ஆறாவது பதிப்பு. அதன் பிறகு வாடகை வீடு மாதிரிதான். கட்டும் வரை இருக்கலாம். சந்தாவை நிறுத்தினால் படங்கள் எங்கேயும் போய்விடாது. லைட்ரூம் கிளாசிக்கில் பழைய படங்களைத் திறந்து பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தம் செய்யும் பகுதி மட்டும் பூட்டிக்கொள்ளும்.

அவை நல்ல மென்பொருள்கள், அதில் சந்தேகமே இல்லை. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, ஒரு வாரத்தில் ஆல்பம் கொடுக்க வேண்டிய ஸ்டூடியோக்காரருக்கு அந்தச் சந்தா தொழில் செலவு. மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவைக் கையில் எடுப்பவருக்கு அது என்ன செலவு?

கணக்குக்காக மாதம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு 48,000 ரூபாய். அந்தப் பணத்தில் ஒரு 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸும், படங்களைப் பத்திரமாக வைக்க ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்கிய பிறகும் மிச்சம் இருக்கும். புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கியவரின் படங்கள் எதனால் அதிகம் மேம்படும்? லென்ஸால்தான் என்பேன்.

இன்னொரு விஷயம், வீட்டில் கார்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. ‘ஆண்டுத் திட்டம், மாதத் தவணை’ என்று ஒரு வகை இருக்கிறது. பார்வைக்கு மாதச் சந்தாபோலத் தெரியும். ஆனால் ஒரு வருஷத்துக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவில் விலகினால் தனியாகக் கட்டணம் பிடிப்பார்கள். இதைச் சரியாகத் தெரிவிக்கவில்லை, விலகுவதையும் கடினமாக்கியிருக்கிறார்கள் என்று 2024 ஜூனில் ஃபெடரல் டிரேட் கமிஷனின் பரிந்துரையில் அமெரிக்க நீதித்துறை அடோபி மீது வழக்கே தொடுத்தது. எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, பணம் கட்டும் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்துகளைப் படித்துவிட்டுக் கார்டு நம்பரைப் போடுங்கள்.

"எதற்குங்க சந்தா, பென் டிரைவில் போட்டுத் தரேன்" என்று சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த கிராக் பதிப்பை ஏற்றும்போது முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். எதற்கு என்று யோசித்தோமா? அதே லேப்டாப்பில்தான் அப்பாவின் நெட் பேங்கிங் இருக்கிறது, வீட்டில் எல்லோருடைய ஆதார் நகலும் இருக்கிறது. நம் படத்தை யாராவது பெயர் போடாமல் எடுத்துப் போட்டால் நமக்கு எவ்வளவு வலிக்கிறது? மென்பொருள் எழுதியவருக்கும் அப்படித்தானே வலிக்கும்? எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் கேமரா கம்பெனியின் இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். கேனான் கேமராவுக்கு ‘டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல்’, நிக்கானுக்கு 2021-இல் வந்த ‘என்எக்ஸ் ஸ்டூடியோ’, சோனிக்கு ‘இமேஜிங் எட்ஜ்’. மூன்றும் இலவசம். கேமராவின் விலையிலேயே இதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்றுகூடச் சொல்லலாம். ஆச்சரியம் என்னவென்றால், பல பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இதன் அருமை ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலில், எடுக்கும்போதுதான் புரியும். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384. கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் ஊதா எல்.இ.டி. வெளிச்சம், வீடியோக்காரரின் வெள்ளை விளக்கு, மாப்பிள்ளையின் பட்டு வேட்டியோ ஒரேயடியாக வெளுத்துப்போய் நிற்கிறது. ஜேபெக்கில் எடுத்திருந்தால் அந்த வேட்டியின் மடிப்பை மீட்பது பெரும்பாலும் முடியாது. ராவில் எடுத்திருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும்போது மடிப்பும் ஜரிகையும் ஓரளவு திரும்பி வரும். நிறச் சமநிலையையும் வீட்டுக்கு வந்து நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி மென்பொருளில் இன்னொரு வசதி, கேமராத் திரையில் பார்த்த அதே நிறத்தில் படம் திறக்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தப் பழகலாம்.

அது போதவில்லை என்ற நிலை வந்தால் ‘டார்க்டேபிள்’ இருக்கிறது. 2009-இல் தொடங்கி உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது. பல கேமராக்களுக்குத் தனித்தனியாகப் புள்ளி இரைச்சலை அளந்து வைத்திருக்கிறார்கள். இருட்டில் எடுத்த படங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பழக நாளாகும். திறந்த அன்றைக்கே எல்லாம் புரியாது, பொறுமை வேண்டும். லேப்டாப்பில் 8 ஜிபி ரேமாவது இருந்தால் நல்லது. டார்க்டேபிள் மிரட்டினால் ‘ராதெரபி’யைப் பாருங்கள், அதுவும் இலவசம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஜிம்ப்’. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் தொடங்கி 1996-இல் வெளியிட்டது. இன்றும் வளர்கிறது, மூன்றாவது பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. ரா ஃபைலை அது நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிளோ ராதெரபியோ கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் வழியாகத் திறக்கும். நான் இதைச் சிபாரிசு செய்வது வேறு ஒரு வேலைக்காக.

எல்லா வீட்டிலும் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். பூஞ்சை பிடித்து, மூலையில் கிழிந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும். பெரிதாக்கிச் சட்டம் போட அதுவே போதும். ஜிம்ப்பில் ‘ஹீல்’ கருவியை வைத்துப் பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுக்கலாம், ‘குளோன்’ கருவியால் கிழிசலை நிரப்பலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்கேன் செய்த மூலத்தைத் தொடாதீர்கள், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். முகத்தில் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பாட்டியின் சுருக்கங்களை வழித்துவிட்டால் அது பாட்டியாக இருக்காது.

தமிழில் எழுத்து சேர்ப்பவர்களுக்கும் ஜிம்ப் கைகொடுக்கும். யூனிகோடு எழுத்தில் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறாமல் வரும். ஃபோட்டோஷாப்பில் தமிழ் உடைகிறது என்பவர்கள், டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றிப் பாருங்கள். அநேகமாக அதிலேயே சரியாகிவிடும்.

‘அஃபினிட்டி’யைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் ஒரே விலைக்கு விற்றுவந்தது. 2024-இல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும். திறமையான மென்பொருள், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுப்பதை நம்பி எல்லாவற்றையும் அதிலேயே வைக்காதீர்கள். பிகாஸா நினைவிருக்கிறதா? எத்தனை வீடுகளில் அதில்தான் ஆல்பம் பிரித்து வைத்திருந்தோம்! 2016-இல் கூகுள் அதைக் கைவிட்டது. ‘கேப்ச்சர் ஒன்’ தந்த இலவசப் பதிப்பும் 2024 தொடக்கத்தில் நின்றுபோனது. ஜிம்ப்பும் டார்க்டேபிளும் திறமூல உரிமத்தில் இருப்பவை. வெளியான பதிப்பை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது. நான் அவற்றின் பக்கம் சாய்வதற்கு விலையைவிட இதுதான் காரணம். எதில் திருத்தினாலும், முடித்த படத்தை ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ தனி ஃபோல்டரில் சேமித்துவிடுங்கள். மென்பொருள் போனாலும் படம் நிற்கும்.

மொபைலோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு கூகுளின் ‘ஸ்நாப்சீட்’ போதும், கட்டணம் இல்லை. பழைய, ரேம் குறைந்த கம்ப்யூட்டர் என்றால் ‘ஃபோட்டோபியா’. பிரவுசரிலேயே ஓடும், ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கும். படங்களும் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

பணம் கட்ட வேண்டிய நேரமும் வரும். நண்பர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டுக் கையில் காசு கொடுக்கிறார்கள், நூற்றுக்கணக்கான படங்களை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்றால், அப்போது சந்தா கட்டுங்கள். அந்த வருமானத்திலிருந்தே கட்டுங்கள். முதலில் இலவசச் சோதனைக் காலத்தைப் பயன்படுத்துங்கள். அது முடியும் தேதியை அன்றைக்கே மொபைல் காலண்டரில் குறித்துவையுங்கள், யாருடைய கார்டு கொடுத்தீர்களோ அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்