கீழே பிடிப்பது யார்?

ஆர்.எஸ். புரத்தில் எனக்கு மிகவும் வேண்டிய ஒரு குடும்பம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். இந்த மாதிரி போகிற இடத்தில் காபி வரும் வரையில் பேச்சு வெயிலையும் சிறுவாணித் தண்ணீரையும் சுற்றிக்கொண்டிருக்கும், இல்லையா? அன்று அப்படியில்லை. நான் வாசற்படி ஏறும்போதே கூடத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். பிரதிவாதிகள், அவளுடைய அம்மாவும் அப்பத்தாவும். காபியைக் கையில் கொடுத்து என்னை நீதிபதியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். அவள் கல்லூரிக்குப் புதிதாக வந்திருக்கும் உடற்பயிற்சி ஆசிரியை ஒரு சியர்லீடிங் குழு அமைக்கப் போகிறாராம். இருபது பெண்களைப் பொறுக்கியிருக்கிறாராம். இவளும் அதில் ஒருத்தி. பெற்றோர் கையெழுத்துப் போட்ட கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

"முதல்ல இதைப் பாருங்கக்கா, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்க" என்று கைபேசியை என்னிடம் நீட்டினாள். நீல மெத்தை விரித்த பெரிய மண்டபம். மூன்று பெண்கள் சேர்ந்து நாலாவது பெண்ணைக் கைகளில் ஏந்தித் தலைக்கு மேலே தூக்குகிறார்கள். அவள் அங்கே ஒற்றைக் காலில் நிற்கிறாள். சிரிக்கவும் சிரிக்கிறாள்! அடுத்த கணம் மேலே வீசப்பட்டு, அந்தரத்தில் சுழன்று, அதே ஆறு கைகளில் வந்து விழுகிறாள். எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்தது.

அப்பத்தா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, பந்து பவுண்டரிக்குப் போனா கிரிக்கெட்டுல ஆடுவாங்களே, அந்தப் புள்ளைகதானுங்களே இது? நம்மூட்டுப் புள்ளைக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

அப்பத்தாவைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். உங்களில் பலரும் அதையேதான் கேட்டிருப்பீர்கள். 2008-ல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது பெங்களூர் அணிக்காக அமெரிக்காவிலிருந்து சியர்லீடர் பெண்கள் வந்தார்கள். அந்தச் சொல் நம் வீட்டுக் கூடங்களுக்குள் வந்ததே அப்போதுதான். வந்த சூட்டோடு அவர்கள் உடையைப் பற்றிய சச்சரவும் வந்தது. ஆட்டத்தின் நடுவே ஜனங்களை உற்சாகப்படுத்துவது அவர்கள் பிழைப்பு. சேப்பாக்கத்தில் சிவமணி டிரம்ஸ் அடித்துச் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆண்பிள்ளை!

இந்தப் பெண் கேட்டது வேறு. உற்சாகப்படுத்த எதிரே இன்னொரு ஆட்டம் இல்லை, இதுவே ஆட்டம். சர்வதேசப் போட்டியில் ஒரு குழுவுக்கு 16 முதல் 24 பேர் வரை. கையிலிருப்பது இரண்டரை நிமிஷம். அதற்குள் கரணம், தூக்கல், வீச்சு, மனிதக் கோபுரம் எல்லாம் ஆகவேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் ஆண்டுதோறும் உலகப் போட்டி நடக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2016-ல் தற்காலிகமாகவும் 2021-ல் முழுமையாகவும் இதை அங்கீகரித்திருக்கிறது. ஒலிம்பிக் பதக்கம் என்று இன்னும் கிடையாது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. இதை ஆரம்பித்தவர்கள் பெண்களே அல்ல. 1898-ல் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் எழுந்து நின்று கூட்டத்தைக் கோஷம் போட வைத்ததைத்தான் தொடக்கம் என்கிறார்கள். அதன் பிறகு நெடுங்காலம் அது ஆண்களின் சொத்து. அதே சர்வகலாசாலையில் 1923-ல் பெண்கள் சேர்ந்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்துக்கு ஆண்கள் போனபோது காலியான இடத்தையெல்லாம் பெண்கள் நிரப்பினார்கள், பிறகு விட்டுக்கொடுக்கவில்லை.

இதைச் சொன்னதும் அப்பத்தாவின் முகம் மாறியது. "அட, அப்ப நம்ம வள்ளி கும்மியாட்டம்னு சொல்லுங்க" என்றார்.

எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டார், பாருங்கள்! கொங்கு நாட்டில் வள்ளி ஒயில் கும்மி ஆண்களின் ஆட்டமாகவே இருந்தது. காரமடைப் பக்கத்து வாத்தியார் பத்ரப்பன் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது வயது 87. அதே 2024-ல் பெருந்துறையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் வள்ளி கும்மி ஆடினார்கள். முதன் முதலாகத் தம் வீட்டுப் பெண்ணை ஆட அனுப்பிய தாய்மாரை நினைத்துப் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று அவர்களும் ஒரு ராத்திரியாவது தூங்காமல் இருந்திருப்பார்கள்.

அப்பத்தா பாதி எங்கள் பக்கம் வந்துவிட்டார். அம்மா அசையவில்லை. "பேரு, உடுப்பு அதெல்லாம் கிடக்கட்டுங்க. கும்மியில யாரும் யாரையும் தூக்கி எறியறதில்லை. இதுல விழுந்தா யாரு பிடிப்பாங்க?"

நீதிபதியிடம் பதில் இல்லை. வழக்கை ஒத்திப்போட்டுவிட்டு, மறுநாள் மாலை அந்த ஆசிரியையைப் பார்க்கக் கல்லூரி மைதானத்துக்குப் போனேன்.

முப்பது வயதுகூட இராது. முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். குழுவுக்கு ஆள் சேர்ப்பதற்காக மைதானத்தில் நின்ற நேரத்தைவிடப் பெற்றோர் வீட்டுச் சோபாக்களில் உட்கார்ந்த நேரம்தான் அதிகமாம். ஒரு வீட்டில், "பெண்ணுக்கு அடுத்த வருஷம் வரன் பார்க்கிறோம், கை கால் ஒடிந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள்?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதானே என்றார்.

அவருடைய தொல்லைகள் வேறு தினுசு. கபடிக் குழு அமைத்தால் அடுத்த வாரமே பக்கத்து ஊரில் எதிரணி கிடைத்துவிடும். இதற்கு எதிரணியையும் தேட வேண்டும், விதி தெரிந்த நடுவரையும் தேட வேண்டும். நாலு பேர் சேர்ந்த ஒரு கூட்டில் ஒருத்தி ஊரில் நோம்பி என்று போய்விட்டால் மற்ற மூவருக்கும் அன்று வேலையில்லை. அவளுக்குப் பதில் வேறொருத்தியை நிறுத்தவும் முடியாது. மெத்தை கேட்டதற்குத் தென்னை நார் அடைத்த பழைய மெத்தைகளை எடுத்துக் கொடுத்தார்களாம். நம் பொள்ளாச்சி நாருக்கு நான் விரோதியல்ல. ஆனால் ஐந்தடி உயரத்திலிருந்து விழுகிறவளுக்கு அது ஏறக்குறையத் தரைதான்.

எல்லாவற்றையும்விட அவர் பயப்படுவது கைபேசியைப் பார்த்துத்தானாம். பெண்கள் படத்தில் கோபுரத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் தரையிலேயே செய்த பயிற்சியை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. விடுதி மொட்டைமாடியில் தாங்களாகவே ஏறிப் பார்க்கத் தோன்றும். தரையில் சரியாக வந்த பிறகு முழங்கால் உயரம், அது சரியாக வந்த பிறகு இடுப்பு, பிறகுதான் தோள்: இதுதான் முறை. முதல் மூன்று மாதம் யாரையும் தோளுக்கு ஏற்றப்போவதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். கல்லூரி ஆண்டுவிழாவுக்கு ஒரு கோபுரம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களிடமும் அதையே சொன்னாராம். அதில் கொஞ்சம் மனஸ்தாபம்.

அகர்தலாவில் பிஸ்வேஸ்வர் நந்தி என்ற பயிற்சியாளர், வசதி குறைந்த கூடத்தில் தீபா கர்மாகரைத் தயார்செய்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வரை கொண்டுபோனாரே என்று நான் சொன்னேன். அந்தக் கதை தமக்கும் பிடிக்கும் என்றார். ஆனால் இல்லாமையைப் பெருமையாகப் பேசினால் மெத்தை வாங்கப் பணம் வராது என்றார். எனக்கு இது உறைத்தது. நாங்கள் பத்திரிகைக்காரர்கள் அந்த மாதிரிக் கதைகளை எழுதியே பழகிவிட்டோம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது குடியரசு தினத்துக்குப் பள்ளியில் 'பிரமிடு' கட்டினோம். கட்டாந்தரை. ஒல்லியாக இருந்ததால் என்னை மூன்றாவது அடுக்கில் ஏற்றினார்கள். கொடி பிடித்து நின்றேன். கீழே ஒருத்திக்குக் கால் வழுக்கியது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. யார் மேலே ஏறுவது, யார் கொடி பிடிப்பது என்றெல்லாம் திட்டமிட்டிருந்தார்கள். விழுந்தால் யார் பிடிப்பது என்று ஒருவரும் நினைக்கவில்லை. அந்த வீட்டு அம்மா கேட்ட கேள்வியை அன்று எங்கள் பள்ளியில் ஒரு தாயாவது கேட்டிருக்கலாம். நம் பிள்ளைகளின் பள்ளி விழாக்களில் இன்றைக்கும் கைதட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறோம்?

அமெரிக்காவில் இந்தப் பாடத்தை வலியோடு கற்றார்கள். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு விளையாட்டில் ஏற்பட்ட மிகக் கடுமையான காயங்களில் பாதிக்கு மேல் சியர்லீடிங்கில் ஏற்பட்டவை என்று கணக்கெடுத்தவர்கள் சொன்னார்கள். 2010-ல் கனெக்டிகட் மாநிலத்து நீதிபதி ஒருவர், ஒரு கல்லூரி வழக்கில், இதைக் கல்லூரி விளையாட்டாகக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தார். 2012-ல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் நேர்மாறாகப் பேசியது. இதை விளையாட்டு என்றே ஒப்புக்கொள்ளுங்கள். அப்போதுதான் தகுதியுள்ள பயிற்சியாளரும், மருத்துவ வசதியும், ஒழுங்கான பயிற்சி இடமும் கிடைக்கும் என்றது. கடினத் தரையில் கோபுரமும் தூக்கலும் கூடவே கூடாது என்றும் சொன்னது. 'டான்ஸுதானே' என்று விட்டுவிட்டால் மெத்தைக்கு யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள் அல்லவா?

இன்னொரு விஷயத்தையும் ஆசிரியை சொன்னார். எல்லாப் பெண்களுக்கும் மேலே ஏறத்தான் ஆசையாம். கீழே தாங்குகிறவளாக யாரையாவது நிறுத்தினால், "நான் குண்டு என்றுதானே?" என்று கண் கலங்கிவிடுகிறாளாம். நெடுநெடுவென்று வளர்ந்து, தோள் அகன்ற பெண்ணை நம் வீடுகளில் என்னவெல்லாம் சொல்கிறோம்! கூனி நடக்கப் பழகிவிட்டவளை நிமிர்த்தி நிற்கவைக்கவே அவருக்கு ஒரு மாதம் ஆகிறதாம். அதிலும் பின்னால் நிற்கிறவள்தான் முக்கியம். மேலே இருப்பவள் சரிந்தால் அவளுடைய தலையும் கழுத்தும் இவள் பொறுப்பு. எட்டு எட்டாக எண்ணிக்கை சொல்லிக்கொண்டே, கண்ணை மேலேயே வைத்திருக்க வேண்டும். கூட்டம் பார்ப்பது மேலே இருப்பவளை. பயிற்சியாளர் பார்ப்பது இவளை.

வியாழக்கிழமை நான் அந்த அம்மாவை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். அப்பத்தாவும் கிளம்பிவிட்டார். புது மெத்தைகள் நாலு வந்திருந்தன. அம்மா யாரிடமும் பேசாமல் குனிந்து மெத்தையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், கடையில் தலையணைக்குப் பஞ்சு பார்ப்பது போல. பெண்கள் முழங்கால் உயரத்தில்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சரிந்தாள். மூன்று பேரும் அவளோடு சேர்ந்தே தாழ்ந்து, அவள் தரையைத் தொடுமுன் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் கூச்சல் போடவில்லை. மறுபடி எண்ணத் தொடங்கினார்கள்.

"எம்புள்ளைக்குப் பின்னால நிக்கறது யாருங்க?" என்று அம்மா ஆசிரியையைக் கேட்டார்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண் கையைத் தூக்கினாள். நல்ல உயரம். முகமெல்லாம் வியர்வை. இப்போதும் லேசாகக் கூனிக்கொண்டுதான் நின்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்தார். கடிதத்தை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். முறுக்குப் பொட்டலம் வெளியே வந்தது.

"மத்தியானம் சாப்பிட்டயா, கண்ணு?"