காசு மகனுடையது, குசினி அம்மாவுடையது

இப்ப எங்கட பக்கத்தில் இன்ரீரியர் டிசைன் செய்யிற இளம் ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம். ஒரு லப்டொப், ஒரு த்ரீ டி சொஃப்ட்வெயார், ரெண்டு மூண்டு நல்ல தச்சு பாஸ்மார் இருந்தால் தொழில் தொடங்கலாம். சந்தோசமான விசயம்தான். ஆனால் படம் வடிவா வந்தால் வேலை வென்றமாதிரி எண்ட நினைப்பும் கூடவே வளருது. அதோட எனக்கு உடன்பாடில்லை. இது முதலில் ஒரு சேவைத் தொழில். ஆளை விளங்காமல் அறையை வடிவமைக்கேலாது.

எங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கு. கன வீடுகளுக்குக் காசு வாறது ரொறன்ரோவில இருந்தோ லண்டனில இருந்தோ. வட்ஸ்அப்பில் டிசைனைப் பார்த்து ஓகே சொல்லுறது மகன். விடிய எழும்பி அந்தக் குசினியில் தேத்தண்ணி வைக்கிறது அம்மா. இதில் வாடிக்கையாளர் யார்? ரெண்டு பேரும்தான். ஆனால் கேள்வியை முதலில் கேட்க வேண்டியது அம்மாவிட்ட.

கேட்காட்டி என்ன நடக்கும்? பான்ரி மேடையை வழமையா 34 தொடக்கம் 36 அங்குல உயரத்தில் அடிப்பினம். கட்டையான அம்மாவுக்கு அதில் மரக்கறி வெட்டினால் தோள் நோகும். சீலிங் மட்டும் கபேட் அடிச்சால் மேல்தட்டுக்கு ஸ்டூல் வைச்சு ஏறவேணும். திறந்த குசினி படத்தில் வடிவு. மீன் பொரிக்கேக்க மணம் ஹோல் சோபா வரைக்கும் போகும். கடைசியில் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டில் போட்டு, அங்கதான் சமையல் நடக்கும். லட்சக்கணக்கில் செலவழிச்ச பான்ரி வாறவைக்குக் காட்டுறதுக்கு மட்டும்.

கேட்டுச் செய்யிறது புதுசா வந்த பழக்கமில்லை. மினெட் டி சில்வா 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டாபுளுவ வீட்டுத் திட்டத்தைச் செய்யேக்க, அங்க குடியேறப் போற குடும்பங்களிட்ட கேள்விக்கொத்துக் குடுத்து, அவையின்ர வாழ்க்கைமுறையையும் தேவைகளையும் அறிஞ்சுதான் வீடுகளைத் திட்டமிட்டவ. நூற்றுக்கணக்கான குடும்பங்களிட்ட அவவால கேட்க முடிஞ்சதெண்டால், ஒரு குசினிக்கு எங்களால ஒரு அம்மாவோட அரை மணித்தியாலம் இருந்து கதைக்கேலாதா?

கேட்கிறது எண்டால் எல்லாத்துக்கும் தலையாட்டுறது எண்டு அர்த்தமில்லை. குளியலறைக்குப் பளபளப்பான டைல்ஸ்தான் வேணும் எண்டு மகன் நிண்டால், "வேண்டாம் அண்ணை, அம்மா வழுக்கி விழுந்திடுவா" எண்டு சொல்லுறதும் சேவைதான். சிங்குக்குக் கீழ எம்.டி.எஃப் பலகை போட்டால் தண்ணி பட்டு ஊதும் எண்டதையும் அட்வான்ஸ் வாங்க முதலே சொல்லவேணும். விலை குறைவு எண்டு அதைப் போட்டுட்டுப் பேசாமல் இருக்கிறது சேவை இல்லை.

காசுக் கதையும் இதுக்குள்ளதான் வருது. எந்தப் பலகை, எந்தப் பிணைச்சல், எது கணக்கில் சேரயில்லை, எப்ப முடியும், இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் எண்டு எல்லாம் எழுத்தில் இருக்கவேணும். 2022இல் டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்பிடியான நேரத்தில் வாய்ப்பேச்சு எஸ்டிமேட் ரெண்டு பக்கத்தையும் சண்டையிலதான் கொண்டுபோய் விடும். வேலை பிந்தும் எண்டால் அதையும் நாங்களே முந்திச் சொல்லவேணும். ஃபோன் எடுக்காமல் ஒளியிறது, கோணலா அடிச்ச கபேட்டை விட மோசம்.

இவ்வளவுக்கும் நேரமில்லை, சின்ன வேலைக்குக் கட்டாது எண்டு சிலர் சொல்லுவினம். ஆனால் எங்கட ஊரில் அடுத்த வேலை ஃபேஸ்புக் விளம்பரத்தால மட்டும் வாறதில்லை. பக்கத்து வீட்டு அன்ரி வந்து லாச்சியை இழுத்துப் பார்ப்பா. "ஆர் செய்தது?" எண்டு கேட்பா. அந்த வீட்டு அம்மா அப்ப சொல்லுற பதில்தான் உங்கட விளம்பரம். அதால வேலை முடிச்சுக் குடுத்த பிறகு, முதல் மாரி கழிய ஒருக்காப் போய்க் கதவுகள் இறுகுதா எண்டு பாருங்கோ.

அடுத்த முறை அளவெடுக்கப் போகேக்க, சுவரை அளக்க முதல் அம்மாவை ஒருக்கா அடுப்படியில் நிக்கச் சொல்லி, அவவின்ர முழங்கை உயரத்தை அளவுங்கோ. டிசைன் அங்க இருந்து தொடங்கட்டும்.