புதுத் துப்பாக்கிக் குழலும் சொந்தச் செலவில் சூனியமும்

காரைக்குடியில் புது இரும்பு தோசைக்கல் வாங்கினால் யாரும் அன்றைக்கே தோசை ஊற்ற மாட்டார்கள். கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கி, இரண்டு மூன்று நாள் 'பழக்கி'ய பிறகுதான் முதல் தோசை. அதில் நியாயம் இருக்கிறது. பழக்காத கல்லில் ஒட்டும், பழக்கிய கல்லில் ஒட்டாது. ஒரே தோசையில் நிரூபணம் முடிந்தது!

இதே சடங்கை ரைபிள் சுடுகிறவர்களில் ஒரு கூட்டம் துப்பாக்கிக்கும் செய்கிறது. பெயர் 'பேரல் பிரேக்-இன்'. புதுக் குழலில் ஒரு தோட்டா சுட வேண்டும், உள்ளே முழுக்கத் துடைக்க வேண்டும். மறுபடி ஒன்று, மறுபடி துடை. இப்படிப் பத்து முறை. அப்புறம் மூன்று மூன்றாக, ஐந்து ஐந்தாக... முடிவதற்குள் ஐம்பது தோட்டா காலி, ஒரு நாளும் காலி. செய்யாவிட்டால் தொலைதூரத்தில் குறி தவறுமாம்!

சரி, அவர்கள் தரப்பையும் கேட்டுவிடலாம். தோட்டா உட்காரும் அறையைக் கடையும்போது, அறை முடிந்து சுழல் வரிகள் தொடங்கும் இடத்தில் கருவியின் கீறல்கள் நின்றுவிடும. செம்பு உறை போட்ட குண்டு அதில் உரசும்போது செம்பு சுரண்டப்பட்டுக் குழல் நெடுகப் படியும். முதல் சில குண்டுகள் அந்தக் கீறலைத் தேய்த்து வழவழப்பாக்கும், நடுநடுவே செம்பைத் துடைத்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். அமெரிக்காவின் க்ரீகர் போன்ற நல்ல குழல் தயாரிப்பாளர்களே இதைச் சொல்கிறார்கள். முட்டாள்தனமான வாதம் இல்லை.

ஆனால் இதிலிருந்து கிடைப்பது என்ன? குழலைச் சுத்தம் செய்வது கொஞ்சம் சுலபமாகலாம். குறி கூர்மையாகும் என்பதற்கு ஆதாரம் எங்கே? கேல் மெக்மில்லன் என்ற இன்னொரு அமெரிக்கக் குழல் தயாரிப்பாளர் இந்தச் சடங்கையே எதிர்த்தார். இது குழலின் ஆயுளைத் தின்னும், லாபம் குழல் விற்கிறவருக்குத்தான் என்பது அவர் கட்சி. விற்கிறவரே இப்படிச் சொன்னால் யோசிக்க வேண்டாமா?

நிரூபிப்பதும் லேசில்லை. ஒரே குழல் இரண்டு முறை புதிதாக இருக்க முடியாது. பல குழல்களை எடுத்து, பாதிக்குச் சடங்கு செய்து, பாதிக்குச் செய்யாமல் ஒப்பிட வேண்டும். நடப்பதோ வேறு. முதலில் மூன்று குண்டு, ஐம்பதுக்குப் பிறகு மூன்று குண்டு, "பார், குரூப் சுருங்கிவிட்டது!" அட, ஒரே துப்பாக்கியில் ஒரே நாளில் சுட்ட இரண்டு மூன்று-குண்டு குரூப்புகளில் ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு இருப்பது சர்வ சாதாரணம். அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

புதுக் குழலில் உண்மையாகவே மாறுவது ஒன்று உண்டு. முதல் நூறு சொச்சம் குண்டுகளில் பல குழல்களில் வேகம் சற்று ஏறும். 600, 1000 மீட்டர் சுடுகிறவர் அதற்குப் பிறகு வேகத்தை மறுபடி அளக்க வேண்டும். அந்த மாற்றம் துடைத்தாலும் வரும், துடைக்காவிட்டாலும் வரும்.

இனி செட்டிநாட்டு முறைப்படி ஐந்தொகை போடலாம். மருந்து அதிகம் பிடிக்கும் சில பெரிய தோட்டாக்களில் குழலின் நல்ல ஆயுளே சுமார் 1,500 குண்டு. அதில் 50 போனால் 3 சதவீதத்துக்கு மேல் சடங்குக்கே காணிக்கை. இந்தியாவில் தோட்டாவுக்கு லைசென்சில் வரம்பு, நல்ல சரக்கு இறக்குமதி. காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்துத் திருச்சி ரேஞ்சுக்குப் போகும் ஒரு கல்லூரி மாணவனுக்கு 50 தோட்டா என்றால் கிட்டத்தட்ட ஒரு முழு ப்ரோன் போட்டி (60 தோட்டா). எது லாபம், எது நஷ்டம்?

.22 ரைபிளில் கூத்து இன்னும் பெரிது. 50 மீட்டர் போட்டிக்கான அந்தக் குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ பூச்சு. செம்பே கிடையாது, பிறகு எந்தச் செம்பைத் துடைக்கிறார்கள்? துடைத்தவுடன் சுடும் முதல் சில குண்டுகள் விலகிப் போவதுதான் வழக்கம், பூச்சு மறுபடி படிந்த பிறகே சரியாகும். பெரிய வீரர்கள் நேரம் செலவழிப்பது தோட்டாவின் 'லாட்' சோதனையில். ஒரே கம்பெனி, ஒரே ரகம், லாட் மாறினால் குரூப் மாறும்.

பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் ஜாய்தீப் கர்மாக்கர் 1.9 புள்ளியில் வெண்கலத்தை விட்டு நான்காவதாக வந்தார். இவ்வளவு நூலிழை விளையாட்டில் பயத்தை விற்பது சுலபம். பாவம், வாங்குகிறவன் புதுசாக வந்த பையன்.

துருதான் நிஜமான எதிரி. உலோக அரிப்பை ஆராய 1948-ல் அடிக்கல் நாட்டிய சிக்ரியே காரைக்குடியில் இருக்கிறது. அன்றைய பயிற்சி முடிந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு வைத்தால் போதும். மிச்சமுள்ள ஐம்பது தோட்டாவைக் குறி பார்த்துச் சுடுங்கள். பழக வேண்டிய கை அங்கேதான் பழகும்.

டிஸ்கி: தயாரிப்பாளர் வாரண்டிக்காகக் கட்டாயம் என்று எழுதியிருந்தால் செய்துவிடுங்கள். தோசைக்கல்லை மட்டும் பழக்காமல் விடாதீர்கள்!