இடது கையும் பாடட்டும்



கடந்த கோடை விடுமுறையில் மாட்டுப்பட்டிக்குச் சென்றிருந்தேன். அணைக்கட்டின் நீர்த்தேக்கத்திற்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் மாலை வேளையில் வீட்டு ஜெபக்கூட்டம் நடைபெற்றது. கோயம்புத்தூரில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தார், விடுமுறைக்காகத் தங்கள் பன்னிரண்டு வயது மகளுடன் வந்திருந்தனர். அவளுடைய கீபோர்டும் பேருந்தில் மலையேறி வந்திருந்தது. கூட்டத்தில் பாடிய எல்லாப் பாடல்களுக்கும் அவளே வாசித்தாள். வலது கை ராகத்தை வாசித்தது. இடது கையின் ஒரு விரல் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருக்க, தாளத்தை இயந்திரமே பார்த்துக்கொண்டது.

கூட்டம் முடிந்து கட்டன் காப்பி வந்தபோது, தேர்வுக்காகக் கற்ற பாடம் ஒன்றை வாசிக்கும்படி அவளிடம் கேட்டேன். தாளத்தை நிறுத்திவிட்டு இரண்டு கைகளாலும் வாசித்தாள். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அவளுடைய பாட்டி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "யாரு பெத்த புள்ள போட்ட பாட்டும்மா இது?" என்றார்.

"கிரேடு புக்குல இருக்கு, அம்மாச்சி" என்றாள் பிள்ளை.

அருகிலிருந்த தகப்பனார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சபையில வாசிக்கிற அளவுக்குக் கத்துக்கிட்டா, பிரதர். அடுத்த மாசத்தோட வகுப்பை நிறுத்திடலாம்னு இருக்கோம். வெள்ளைக்காரன் போட்ட உலகப் பாட்டுக்கு எதுக்கு மாசாமாசம் பணம் கட்டணும்?"

பிரியமானவர்களே, பாட்டியின் கேள்வியும் தகப்பனாரின் கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை என்பதை அன்று இரவு உணர்ந்தேன். அந்தப் பாட்டைப் போட்டவர் யார் என்று பிள்ளைக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே அது அவளுக்கு ஒரு பாடம், தகப்பனாருக்கு ஒரு செலவு. வாசித்த விரல்களுக்குப் பின்னே ஒரு மனிதன் நிற்கிறான் என்று அந்த வீட்டில் கேட்டது, பள்ளிக்கூடம் அதிகம் கண்டிராத பாட்டி மாத்திரமே.

அவள் வாசித்தது ஜெர்மனி தேசத்து யோகான் செபாஸ்டியன் பாக் எழுதிய ஒரு சிறு பாடம். 1685-ல் பிறந்த பாக், பத்து வயது நிரம்புமுன் தாயையும் தகப்பனையும் இழந்தார். ஆர்கன் வாசிப்பவராயிருந்த மூத்த சகோதரன் அவரைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தார். இருபது வயதில், தாம் வேலை செய்த ஆர்ன்ஷ்டாட் என்னும் ஊரிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் கால்நடையாய் லூபெக் நகருக்குப் போய், புக்ஸ்டஹூட என்னும் முதிய ஆர்கன் கலைஞரின் வாசிப்பைக் கேட்டார். 1723 முதல் 1750-ல் மரிக்கும் வரை லைப்சிக் நகரத்து ஆலயங்களில் இசைப் பணி செய்தார். தம்முடைய பல கைப்பிரதிகளின் தொடக்கத்தில் இயேசுவின் உதவியை வேண்டும் இரண்டு எழுத்துக்களையும், முடிவில் தேவனுக்கே மகிமை என்று பொருள்படும் மூன்று எழுத்துக்களையும் அவர் எழுதி வைத்தார்.

அவருடைய வேதாகமத்தின் மூன்று தொகுதிகள் இன்றும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வேதாகமக் கல்லூரி ஒன்றில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தின் ஓரத்தில், தேவனுக்குப் பிரியமான எல்லா ஆலய இசைக்கும் இந்த அதிகாரமே மெய்யான அஸ்திபாரம் என்ற கருத்தைத் தம் கையால் எழுதியிருக்கிறார். அந்த அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தாவீது ஏற்படுத்திய பாடகரும் வாத்தியக்காரரும் 288 பேர். அத்தனை பேரும் கற்றுத் தேறியவர்கள் என்று வசனம் சொல்லுகிறது. பெரியவனும் சிறியவனும், ஆசானும் மாணாக்கனும் ஒன்றாய்ச் சீட்டுப் போட்டுக்கொண்டார்கள். அபிஷேகம் உண்டு, ஆகவே பயிற்சி வேண்டாம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

ஆயினும் தகப்பனாரின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பாக்கின் காலத்து இசையமைப்பாளர்கள் எல்லாரும் பரிசுத்தவான்கள் அல்லர். பாக் தாமே, வேலையிலிருந்து விடுவிக்கும்படி பிடிவாதமாய்க் கேட்டதற்காக 1717-ல் ஏறக்குறைய நான்கு வாரங்கள் சிறையில் அடைக்கப்பட்டார். அவர்களை நாம் பீடத்தில் ஏற்ற வேண்டியதில்லை. அவர்களிடம் தொழிலைக் கற்கிறோம், அவ்வளவே. தேவாலயம் கட்டச் சாலொமோன் தீருவின் தச்சரையும் சிற்பியையும் அழைத்தது நாம் அறிந்ததுதானே.

பாக்கிடம் கற்கும் தொழில் என்ன? தம் மூத்த மகனுக்காக 1720-ல் ஒரு பாடப் புத்தகத்தைத் தொடங்கினார். அதில் வளர்ந்த பாடங்களை 1723-ல் திருத்தி எழுதினார். 'இன்வென்ஷன்' என்னும் பதினைந்து சிறு பாடங்கள் அவை. கற்பவர் இரண்டு குரல்களைத் தெளிவாய் வாசிக்கவும், பாடுவதுபோல் வாசிக்கவும் பழக வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம் என்று முகப்பில் குறித்தார். இவற்றில் இடது கை வேலைக்காரன் அல்ல. வலது கை சொன்னதை இடது கை திருப்பிச் சொல்லுகிறது. சில வேளைகளில் இடது கை முந்திச் செல்ல, வலது கை பின்தொடர்கிறது. ஒரு விரலால் கட்டையை அழுத்திப் பழகிய பிள்ளைக்கு இது கடினம். ஆனால் இதைக் கற்ற பிள்ளை நாளை சபையில் வாசிக்கும்போது, இயந்திரத்தின் தாளம் இல்லாமலே பாடலைத் தாங்கிச் செல்லும். அவயவங்களைக் குறித்துப் பவுல் எழுதியதை (1 கொரிந்தியர் 12) கைகள் இங்கே கற்றுக்கொள்ளுகின்றன.

உலகப் பாட்டு என்ற சொல்லுக்கு நம் மலையடிவாரத்திலிருந்தே இன்னொரு பதில் உண்டு. திரையிசையைக் குறித்து நம் சபைகளில் பலவிதக் கருத்துக்கள் இருப்பதை அறிவேன். என்றாலும், பண்ணைப்புரம் நம் மலைக்குக் கீழேயுள்ள ஊர். 1958-ல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராசனின் பாடல்கள் இந்தத் தோட்டங்களில் ஒலித்ததை முதியவர்கள் இன்றும் நினைவுகூருவர். அவருடைய தம்பி இளையராஜா பிழைப்புத் தேடிச் சென்னைக்குப் போனபோது, தன்ராஜ் மாஸ்டர் என்னும் ஆசிரியர் அவருக்கு மேற்கத்திய இசையெழுத்தைக் கற்பித்ததோடு, பாக், மொசார்ட், பீத்தோவன் முதலியோரையும் அறிமுகம் செய்துவைத்தார். அந்த அறிமுகம் விரல்களோடு நின்றுவிடவில்லை. 1986-ல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்?' என்னும் இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கினார். கிராமத்திலிருந்து நகரத்திற்கு வந்த ஒரு வாலிபனுக்கு, ஓர் ஆசிரியர் பெயர்களைச் சொல்லி வாசல் திறந்ததின் பலன் அது.

நகரத்தில் வாழும் உங்கள் பிள்ளைக்கு அந்த வாசலை நீங்களே திறக்கலாம். பெற்றோருக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாதத்திற்கு ஒருவர் போதும். பாக்குக்குப் பின் இந்த நால்வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாண்டல்: பாக் பிறந்த அதே 1685-ல் ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் குடியேறியவர். நம்மைப்போலப் பிறந்த ஊரை விட்டு வந்தவர். 'மேசியா' என்னும் பெரும் படைப்பை 1741-ல் 24 நாட்களில் எழுதினார். 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளின் நகரில் அது முதன்முறை பாடப்பட்டபோது கிடைத்த பணத்தின் ஒரு பகுதி, கடனால் சிறைப்பட்டவர்களை விடுவிக்கப் பயன்பட்டது. 142 பேர் விடுதலையாயினர். கடன் என்றால் என்னவென்று அறிந்த குடும்பங்களுக்கு இது விளங்கும். பிள்ளைகள் அவருடைய டி மைனர் 'சாரபாண்ட்' பாடத்தை வாசிக்கலாம். மெதுவானது, கம்பீரமானது.

ஹைடன்: 1732-ல் ஆஸ்திரிய கிராமம் ஒன்றில் வண்டிச் சக்கரம் செய்பவரின் மகனாய்ப் பிறந்தார். இசை கற்கும்படி ஆறு வயது ஆகுமுன்னே வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார். ஆதியாகமத்தைப் பின்பற்றும் 'சிருஷ்டிப்பு' என்னும் படைப்பை 1798-ல் நிறைவேற்றினார். அவருடைய சிறு நடனப் பாடங்களில் தொடங்கி, பின்னர் எளிய சொனாட்டாக்களுக்குச் செல்லலாம்.

பீத்தோவன்: 1770-ல் பிறந்தவர். இசையே பிழைப்பாயிருந்தவருக்கு இருபதுகளின் பிற்பகுதியில் செவி மந்தமாகத் தொடங்கியது. 1824-ல் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது அவரால் கைதட்டலைக் கேட்க இயலவில்லை. அதன் முடிவிலுள்ள மகிழ்ச்சியின் ராகம் இன்று உலகமெங்கும் துதிப் பாடலாய்ப் பாடப்படுகிறது. 'ஃபூர் எலீஸ்' பாடத்தின் தொடக்கத்தை மட்டும் நம் பிள்ளைகள் வாசித்து நிறுத்திவிடுகிறார்கள். அதன் நடுப்பகுதிகளையும் ஒருமுறை கேட்கச் செய்யுங்கள்.

சூமன்: 1848-ல் தம் பிள்ளைகளுக்காக 'இளையோருக்கான ஆல்பம்' என்னும் 43 பாடங்களை எழுதினார். அவற்றில் நான்காவது, ஓர் ஆலயப் பாடலின் நான்கு குரல் அமைப்பு. பத்தாவது, வேலை முடித்து மகிழ்வுடன் வீடு திரும்பும் உழவனைப் பற்றியது. அந்தப் பாடத்தில் முக்கிய ராகத்தை வாசிப்பது இடது கை, துணை செய்வது வலது கை.

இனி நடைமுறைக்கு வருவோம். கிரேடு தேர்வுக்கு மூன்று பாடங்கள் போதும் என்பதால், பல பிள்ளைகள் ஓர் ஆண்டு முழுவதும் அந்த மூன்றையே வாசிக்கின்றனர். சான்றிதழ் கிடைத்ததும் மறந்துவிடுகின்றனர். அந்த மூன்றோடு எளிய சிறு பாடங்கள் ஆறையாவது கற்பிக்கும்படி ஆசிரியரிடம் தாழ்மையாய்க் கேளுங்கள். புதிய பாடம் தொடங்குமுன், எழுதியவர் யார், எந்த ஊர், யாருக்காக எழுதினார் என்ற மூன்றையும் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். நல்ல கலைஞர் ஒருவர் வாசிப்பதை முழுவதும் கேட்கட்டும். பயிற்சி நேரத்தில் பாதியாவது இயந்திரத் தாளம் நிறுத்தப்படட்டும். கீபோர்டு வாங்குவோர், அழுத்தத்திற்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மென்மையும் வன்மையும் என்பதே 'பியானோஃபோர்ட்டே' என்ற பெயரின் பொருள். அந்த வேறுபாடு இல்லாத கருவியில் இப்பாடங்கள் உயிரற்றுப் போகும். மேல்வகுப்புகளுக்கு 88 கட்டைகள் கொண்ட கருவி தேவைப்படும். வாங்க இயலாதோர், பயிற்சிக்கு இடம் தரும் வகுப்புகளை விசாரியுங்கள்.

மறுநாள் காலை, புறப்படுமுன், அந்தப் பிள்ளைக்கு உழவன் பாடத்தின் முதல் எட்டு அடிகளைச் சொல்லிக்கொடுத்தேன். இடது கை ராகத்தை வாசிக்க மறுத்தது. நான்கு முறை தவறினாள், ஐந்தாம் முறை வந்தது. "இது யாரு போட்டது?" என்று பாட்டி மறுபடியும் கேட்டார். இம்முறை பிள்ளை சொன்னாள்: "சூமன்னு ஒருத்தர், அம்மாச்சி. அவர் புள்ளைங்களுக்காகப் போட்டது. வேலை முடிஞ்சு ஒருத்தர் வீட்டுக்கு வர்றாரு."

"ஆமா, கூடையை இறக்கி வச்சிட்டு வர்ற நடைதான்" என்றார் பாட்டி.

தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பைத் தொடர்வாரோ நிறுத்துவாரோ, எனக்குத் தெரியாது. அவருடைய சம்பளத்தில் அந்தக் கட்டணம் சிறிய தொகை அல்ல. ஆனால் கீபோர்டைப் பேருந்தில் ஏற்றும்போது, அதைத் துணியால் சுற்றித் தம் மடியிலேயே வைத்துக்கொண்டதைக் கண்டேன்.

வாத்தியங்களை நேர்த்தியாய் வாசிக்கும்படி சங்கீதம் 33:3 நமக்குக் கற்பிக்கிறது. நேர்த்தி ஒரே நாளில் வருவதில்லை. இன்று மாலை குடும்ப ஜெபம் முடிந்தபின், உங்கள் பிள்ளையை அருகில் அழைத்து, அந்தப் பாட்டியின் கேள்வியைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், இருவருமாய்த் தேடுங்கள். கர்த்தர் உங்கள் பிள்ளைகளின் இரு கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.