கதை அல்ல, கையெழுத்தே சாட்சி!



கோவில்பட்டி கடைவீதியில் நம்மவர் கல்லாவுக்கு மேலே அப்துல் கலாம் அவர்களின் படம் தொங்குகிறது. பேப்பர் போட்ட ராமேஸ்வரத்துப் பையன் 2002-ல் ஜனாதிபதி ஆனார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஜனாதிபதி ஆன பிறகு அவருடைய பேனா என்ன செய்தது என்று கேட்டோமா?

கலாம் பல மேடைகளில் சொன்ன நிகழ்ச்சி இது. அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தலைவரான சமயம். தந்தை இல்லாத நேரத்தில் ஒருவர் வந்து பரிசுப் பொருள்களை வைத்துப் போகிறார். சிறுவன் வாங்கி வைத்தான். திரும்பி வந்த தந்தை அடித்தே விட்டார். பதவி அமானிதம், அதை வைத்து வரும் பரிசு ஹராம் என்பதே அன்றைய பாடம்!

இந்தப் பாடம் படித்தவருக்கும் சறுக்கல் வந்தது. 2005 மே மாதம், ஒருமுறைகூடக் கூடாத பீகார் சட்டசபையைக் கலைக்க நள்ளிரவில் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. மாஸ்கோவில் இருந்த கலாமுக்கு ஃபேக்ஸ் போனது. கையெழுத்திட்டார். மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமை ஜனாதிபதிக்கு உண்டு. உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே.ஆர்.நாராயணன் 1997-ல் உத்தரப் பிரதேச விஷயத்தில் அதைச் செய்து காட்டினார். மத்திய அரசும் பின்வாங்கியது. பீகார் கலைப்போ அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2006 ஜனவரி 24-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ராஜினாமா செய்யவே எண்ணியதாகக் கலாம் பின்னர் எழுதினார்.

அதே 2006 மே மாதம் இன்னொரு மசோதா வந்தது. எம்.பி.க்கள் வகித்த ஆதாயப் பதவிகளுக்கு முன்தேதியிட்டு விலக்கு தரும் மசோதா! கலாம் திருப்பி அனுப்பினார். எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் நியாயமான அளவுகோல் எங்கே என்று கேட்டார். பாராளுமன்றம் மாற்றாமல் மீண்டும் அனுப்பியது. இரண்டாம் முறை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி பதிவாகிவிட்டது. தந்தையின் அடிக்கும் இந்தக் கேள்விக்கும் உள்ள உறவை நாம் விளக்க வேண்டுமா?

இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே! தீப்பெட்டி ஆபீஸில் கூலிக்குப் போய், பிறகு கடை வைத்து, இந்தக் கரிசல் பூமியில் தலைநிமிர்ந்தவர்கள் நம்மில் பலர். நாளை நீங்கள் முத்தவல்லி ஆகலாம், கவுன்சிலர் ஆகலாம், சங்கத் தலைவர் ஆகலாம். “கஷ்டப்பட்டு வந்தவர், தப்புச் செய்யமாட்டார்” என்று ஊர் உங்களை நம்பும். அந்த நம்பிக்கையே ஆபத்து! பட்ட கஷ்டம் தானாகப் பேனாவைப் பிடித்து நிறுத்தாது. நாம்தான் நிறுத்த வேண்டும்.

அவசரம் என்று நள்ளிரவில் ஒரு தாளை நீட்டுவார்கள். வாங்கி வையுங்கள். சுபுஹு தொழுதுவிட்டு, முழுக்கப் படித்துவிட்டு, பிறகு பேனாவை எடுங்கள்!