புயலுக்கு விசா தேவையில்லை. அதை ஆராய்பவருக்கு மட்டும் ஏன் இத்தனை கதவுகள்?

தோழர்களே,

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலில் சென்னை தத்தளித்தது. "இப்படி ஒரு மழையை எங்க காலத்துல பார்த்ததே இல்ல"ன்னு பெரியவங்க சொன்னாங்க. அடுத்தது எப்போது, எங்கே, எவ்வளவு? இதற்குப் பதில் தேடுவதுதான் காலநிலை ஆய்வு.

இந்த ஆய்வை ஒரு நாடு தனியாக உட்கார்ந்து செய்ய முடியாது. காற்றுக்கும் கடலுக்கும் எல்லைக்கோடு தெரியாது. கடல் சூட்டை அளக்கும் மிதவை ஒரு நாட்டில், செயற்கைக்கோள் இன்னொரு நாட்டில், கணக்குப் போடும் பெரிய கணினி மூன்றாவது நாட்டில். ஆட்கள் போய் வந்தால்தான் அறிவு சேரும்.

ஆதாரம் கேட்டால் நம்மிடமே இருக்கு. தமிழ்நாட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் வீரபத்ரன் ராமநாதன். குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன் வாயு பூமியைச் சூடாக்கும் என்று 1975-ல் அமெரிக்காவில் இருந்தபடி நிறுவினார். நோபல் பரிசு பெற்ற பால் குரூட்சனோடு சேர்ந்து 1999-ல் இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தினார். இந்திய, அமெரிக்க, ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதில் ஒன்றாக வேலை செய்தார்கள். நம் பகுதியிலிருந்து கிளம்பும் புகையும் தூசியும் கடல்மேல் பழுப்புப் போர்வையாகப் படர்ந்து, கடலுக்கு வரும் வெயிலையே குறைக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. எந்த ஒரு நாடும் தனியாகக் கண்டுபிடித்திருக்க முடியாத உண்மை இது.

இப்படிப் போய் வர வழி செய்வதுதான் பரிமாற்ற ஆய்வு உதவித்தொகை. ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறக்கட்டளை வளரும் நாடுகளின் காலநிலைப் பணியாளர்களை ஓராண்டு அங்கே அழைத்து ஆய்வு செய்ய வைக்கிறது. ஆண்டுக்கு 20 பேர் வரைதான். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஃபுல்பிரைட்–கலாம் காலநிலை உதவித்தொகையை உருவாக்கின. ராமேஸ்வரத்துப் பிள்ளையின் பெயர் அதில் இருக்கு என்பது நமக்குப் பெருமை.

ஆனால் இன்று நிலைமை என்ன? அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலக உத்தரவு போட்டார். அதே ஆண்டு ஜூன் மாதம், தேர்வில் அரசியல் தலையீடு இருக்கிறது என்று சொல்லி ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் பதவி விலகினர்.

இங்கே டெல்லி மட்டும் என்ன செய்தது? பட்டியல் சாதி மாணவர்கள் உள்ளிட்டோர் வெளிநாடு சென்று படிப்பதற்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தது ஒன்றிய அரசு. மற்ற 66 பேருக்கு "நிதி இருந்தால் தருவோம்" என்றது. இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, சோறு இருந்தால் போடுவோம் என்று சொல்வது போலல்லவா இது?

"வெளிநாட்டுக்கு அனுப்பினா அங்கேயே தங்கிடுவாங்களே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பரிமாற்றம் வேறு, குடியேற்றம் வேறு. ஃபுல்பிரைட்டில் போனவர் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டில் 2 ஆண்டுகள் இருந்தாக வேண்டும் என்பது விதி. அதை முடிக்காமல் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற முடியாது. சிக்கல் திரும்பி வருவதில் இல்லை, வந்த பிறகு உட்கார நாற்காலி இல்லாததில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால், திரும்பி வந்தவர் எங்கே போவார்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த வாய்ப்புகளுக்கு வெளிநாட்டுப் பேராசிரியரின் அழைப்புக் கடிதம் வேண்டும், ஆங்கிலத்தில் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். பெருநகரத்துப் பெரிய கல்வி நிறுவனங்களில் படிப்பவருக்கு வழிகாட்ட ஆள் உண்டு. நாகப்பட்டினத்து அரசுக் கல்லூரியில் படித்த மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? கடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்?

அதனால் நாம் கேட்பது இதுதான்:

🔹 தேர்வு செய்தபின் நிதி தேடுவதை ஒன்றிய அரசு நிறுத்த வேண்டும். முதலில் நிதி, பிறகு பட்டியல்.

🔹 முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் இளைஞர்களை மாவட்டங்களில் வேலை செய்ய வைக்கிறது. அடுத்த படியாக, 6 மாதம் முதல் ஓராண்டு வரை வெளிநாடு சென்று வரும் காலநிலை ஆய்வு உதவித்தொகையைத் தமிழ்நாடே தொடங்க வேண்டும்.

🔹 அதில் பாதி இடம் அரசுக் கல்லூரிகளில் படித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு. விண்ணப்பம், அழைப்புக் கடிதம், விசா எல்லாவற்றுக்கும் கைபிடித்து உதவும் ஓர் அலுவலகம் வேண்டும்.

🔹 திரும்பி வருபவருக்குப் பல்கலைக்கழகத்திலோ பேரிடர் மேலாண்மையிலோ பணி உறுதி.

🔹 இங்கே ஆய்வுக்கு வரும் வெளிநாட்டவர் உள்ளூர் ஆய்வாளரோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும். எடுத்த தரவு இங்கும் இருக்க வேண்டும். முடிவுகள் தமிழில் ஊராட்சிக்கும் மீனவர் கிராமத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

இதெல்லாம் செலவு என்று கணக்குப் போடுபவர்கள், ஒரு வெள்ளத்துக்கு நாம் கொடுத்த விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆய்வு மாணவர் இருந்தால் இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்கள். விண்ணப்பிக்கும்போது எந்த இடத்தில் தடுக்கி நின்றார் என்று கேட்டு கீழே எழுதுங்கள். அந்தத் தடைகளைத் தொகுத்து அரசின் முன் வைப்பது நம் வேலை.

அறிவுக்கு வேலி போடாதே! ஆய்வுக்கு நிதி கொடு!

#காலநிலை_ஆய்வு #முதலில்_நிதி #தமிழ்நாடு