தோள்வலிக்கு ‘சிவப்பு லைட்’: சுகர் உள்ளவர்கள் வீட்டிலேயே பயன்படுத்தலாமா?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினாலே ஒருநாள் பொழப்பு போய்விடும். தோள்பட்டை இறுக்கம், பக்கவாதம் போன்றவற்றுக்கோ பிசியோதெரபி தொடர்ந்து தேவை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆனால், தினமும் வர முடியாது. மற்ற நாட்களில் பயிற்சி குடும்பத்தினர் பொறுப்பு.

அப்போது கைகொடுக்கும் என்று நினைத்து, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆன்லைனில் இன்ஃப்ராரெட் விளக்கு வாங்கி அனுப்புவதுண்டு. விளக்கு வந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை மட்டும் விடுபட்டுப் போகும்.

சூடு எதற்கு?

இந்த விளக்கின் சூடு தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். மூட்டின் உள்ளே இருக்கும் இறுக்கத்தை அது நேரடியாக இளக்காது. வலியைக் குறைத்து, தசையைத் தளர்த்தி, ஸ்ட்ரெச்சிங் செய்வதைச் சுலபமாக்கும். அதாவது, சூடு வெறும் முன்தயாரிப்பு. கையை நகர வைப்பது பயிற்சிதான்.

யாருக்கு ஆபத்து?

ஐசிஎம்ஆர் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தோள்பட்டை இறுக்கம் இவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. நாள்பட்ட சர்க்கரை நோய் நரம்புகளையும் பாதித்து, முதலில் பாதத்திலும் பிறகு மற்ற இடங்களிலும் உணர்ச்சியைக் குறைக்கும். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பாதித்த பக்கம் சூடு தெரியாமல் போகலாம்.

“சூடே தெரியலப்பா, இன்னும் கொஞ்சம் கிட்ட வை” என்று அவர்கள் சொன்னால், விளக்கை அணைக்க வேண்டிய நேரம் அது. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் தோலில் விழும் வெப்பம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும்.

டம்ளர் சோதனை

ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி, வெளிச்சம் படப்போகும் இடத்தில் டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து, எது சூடு என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னாலோ தயங்கினாலோ விளக்கு வேண்டாம்.

சரியாகச் சொன்னால்?

* விளக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி தள்டி, பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் மேலே தொங்கவிடக் கூடாது.
* 10 முதல் 15 நிமிடம் போதும். இதமான சூடு இருந்தால் சரி. சுள்ளென்று இருந்தால் தள்ளி வைக்க வேண்டும்.
* தைலம், பெயின் பாம் தடவிவிட்டு லைட் வைக்கக் கூடாது. தாலிச் செயின், வளையலைக் கழற்றிவிடலாம் அல்லது வெளிச்சம் படாமல் ஒதுக்கலாம்.
* கண்ணில் நேராக வெளிச்சம் படக் கூடாது. தூங்கிவிடவும் கூடாது, ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.
* புதிய அடி, வீக்கம், புண், தோல் தொற்று, புற்றுநோய்க் கட்டி உள்ள இடங்களில் வேண்டாம்.

சூடு ஆறுவதற்குள் ஸ்ட்ரெச்சிங்கைத் தொடங்க வேண்டும். மெதுவாக நீட்டி 20 முதல் 30 விநாடி நிறுத்தினால் போதும். சூட்டில் வலி மரத்திருக்கும் என்பதால், வெடுக்கென்று இழுத்தால் காயமானது பிறகுதான் தெரியும்.

சுட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்குச் சின்னக் கொப்புளம்கூட ஆறாத புண்ணாக மாறலாம்; அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

சோதனையில் தவறியவர்கள் கவலைப்படத் தேவையில்லை. விளக்கு இல்லாமலும் பயிற்சியைச் செய்யலாம். பிசியோதெரபிஸ்ட் அடுத்த முறை வரும்போது, எந்தப் பயிற்சி, எத்தனை முறை என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.